மேலே வைஃபை, கீழே கேபிள்: ஒரே லைனைப் பலர் பகிரும் வீட்டில் கோளாறு பார்ப்பது எப்படி

கோலாலம்பூரில் செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கத்துப் பழைய இரட்டை மாடி வீடுகளுக்கு என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் ஒரே விஷயத்துக்குத்தான். வீட்டுக்காரர் கீழே இருப்பார். மாடியில் இரண்டு மூன்று ரூம்களை வாடகைக்கு விட்டிருப்பார். இன்டர்நெட்டுக்கு ஃபைபர் லைன் ஒன்றுதான். கீழே டிவி, கம்ப்யூட்டர், சிசிடிவி பெட்டி எல்லாம் கேபிளில். மாடியில் எல்லாம் வைஃபையில். ஒரு நாள் சாயந்திரம் போன் வரும்: "தம்பி, லைன் போச்சு, கொஞ்சம் வந்து பாரேன்." போய்ப் பார்த்தால் டிவி மேசைக்குப் பின்னால் தூசியோடு இன்னொரு பெட்டி கிடக்கும். பழைய ரௌட்டர். "சும்மாதானே கிடக்குது" என்று யாரோ சொருகிவிட்டது.

கீழே உள்ளவை அறிகுறி வாரியாகப் பிரித்தவை. உங்கள் வீட்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசில்லாமல் தீரும் காரணம் முதலில் வரும், காசு கேட்கும் காரணம் கடைசியில் வரும்.

எந்தத் தலைப்புக்குப் போனாலும் முதலில் ஒரு காகிதமும் பேனாவும் எடுங்கள். ஃபைபர் சுவரில் நுழையும் இடத்தில் தொடங்கி, எந்தப் பெட்டியின் எந்த ஓட்டையிலிருந்து கேபிள் கிளம்பி எங்கே போகிறது என்று வரையுங்கள். ஃபைபர் நேராக நுழையும் வெள்ளைப் பெட்டி மோடம். அதற்கடுத்தது ரௌட்டர். ரௌட்டரில் தனியாக, பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும் ஓட்டை வேன் போர்ட். வரிசையாக இருப்பவை லேன் போர்ட்கள். (வேன் என்றால் ஸ்கூல் வேன் ஞாபகம் வருகிறது, வான் என்று எழுதினால் ஆகாயம் ஆகிவிடுகிறது. வேன் என்றே வைத்துக்கொள்வோம்.) மோடமும் ரௌட்டரும் ஒரே பெட்டியாக இருக்கும் வீடுகளும் உண்டு. நான் போன வீடுகளில் பாதிக் கோளாறு இந்தப் படத்தை வரையும்போதே அகப்பட்டிருக்கிறது. "இந்தக் கேபிள் எங்கே போகுது அங்கிள்?" என்று கேட்டால் பதில் வராத ஒரு கேபிள் எல்லா வீட்டிலும் இருக்கும்.

அறிகுறி 1: கேபிள், வைஃபை இரண்டிலும் லைன் இல்லை

*மோடத்தில் லாஸ் (LOS, ஃபைபரில் சிக்னல் இல்லை என்பது) என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா?*

எரிந்தால் கோளாறு ஃபைபரில். ரௌட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை. மோடத்துக்கு வரும் மெல்லிய இழை எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அலமாரியை நகர்த்திய மறுநாள், தீபாவளிக்கு வீடு கழுவிய மறுநாள் இது நடக்கும். கூர்மையாக மடங்கியிருந்தால் மெதுவாக நிமிர்த்திவிடுங்கள். முனையைக் கழற்றித் துடைப்பது, கண்ணருகே வைத்து உள்ளே வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பது இரண்டும் கூடாது. உள்ளே போவது கண்ணுக்குத் தெரியாத லேசர். நிமிர்த்தியும் சிவப்பு போகவில்லை என்றால் லைன் கொடுத்த கம்பெனிக்குப் போன் போடுங்கள். "லாஸ் சிவப்பு" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால் ரௌட்டரை அணைத்துப் பார்க்கச் சொல்லும் பத்து நிமிடம் மிச்சமாகும்.

*சிவப்பு இல்லை, பான் (PON, ஃபைபர் இணைப்பு) விளக்கு ஆடாமல் எரிகிறது. ஆனாலும் லைன் இல்லை.*

மோடத்தையும் ரௌட்டரையும் அணையுங்கள். மோடத்தை முதலில் போட்டு, பான் விளக்கு நிலைத்த பிறகு ரௌட்டரைப் போடுங்கள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சேர்த்துப் போட்டுவிட்டு "போட்டுப் பார்த்துட்டேன் தம்பி" என்று சொல்பவர்கள் அதிகம்.

அதற்கும் வரவில்லை என்றால் அடாப்டர்களைப் பாருங்கள். மோடத்துக்கும் ரௌட்டருக்கும் பார்க்க ஒரே மாதிரி கறுப்பு அடாப்டர், முனையும் ஒன்றே. சுத்தம் செய்யும்போது மாறிப்போகும். வோல்ட் ஒன்றாக இருந்தாலும் ஆம்பியர் குறைந்த அடாப்டரில் ரௌட்டரின் விளக்கு எரியும். பளு ஏறியதும் அணைந்து அணைந்து வரும். பெட்டியின் அடியில் அச்சடித்த எண்ணும் அடாப்டரில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

*யாராவது ரௌட்டரின் பின்பக்க ஊசித் துளையை அமுக்கினார்களா?*

இதைக் கேட்டால் வீட்டில் கொஞ்சம் அமைதி நிலவும். பிறகு மருமகன் ஒத்துக்கொள்வார். அந்தத் துளை எல்லா அமைப்பையும் அழித்துவிடும். யூனிஃபை மாதிரியான லைன்களில் ரௌட்டருக்குள் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எழுதப்பட்டிருக்கும். அவை போனால் லைன் எழாது. சொந்தமாக ரௌட்டர் வாங்கிப் போட்டவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: விலேன் எண், அதாவது ஒரே கேபிளில் போகும் போக்குவரத்தைத் தனித்தனியாகப் பிரிக்கும் எண். யூனிஃபை இன்டர்நெட்டுக்கு 500, மேக்சிஸ் ஃபைபருக்கு 621. பல ரௌட்டர்களில், அதன் விலாசத்தை பிரவுசரில் அடித்தால் திறக்கும் மெனுவிலேயே இந்தப் பெயர்களைத் தேர்ந்தெடுக்கலாம். பயனர் பெயர் தெரியாவிட்டால் கம்பெனியிடம் கேட்பதைத் தவிர வழியில்லை. கிடைத்ததும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் கோப்பில் வையுங்கள். ரௌட்டரின் முதுகில் ஒட்டினால் ஹாலுக்கு வருகிறவர் எல்லாம் படிப்பார்.

அறிகுறி 2: எல்லாமே திணறுகிறது, ஸ்விட்ச்சில் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் படபடக்கிறது

காசில்லாத கோளாறு, ஆனால் ஆளைப் பைத்தியமாக்கும். ஸ்விட்ச் என்று நான் சொல்வது ஐந்து அல்லது எட்டு ஓட்டை உள்ள சிறு பெட்டி, லைட் போடும் ஸ்விட்ச் இல்லை. அதிலிருந்து கிளம்பிய கேபிள் சுற்றிக்கொண்டு அதற்கே திரும்பி வந்திருக்கும். ஒரு வீட்டில் அக்கா ஒருவர் தரையைக் கூட்டும்போது, தொங்கிக்கொண்டிருந்த முனையைப் பார்த்து, "கழண்டு கிடக்குதே" என்று காலியாக இருந்த ஓட்டையில் சொருகிவிட்டார். அந்தக் கேபிளின் மறுமுனையும் அதே ஸ்விட்ச்சில்தான் இருந்தது. அடுத்த நிமிடமே வீடு முழுக்க லைன் நின்றது. அனுப்பிய செய்தியே சுற்றிச் சுற்றி வந்து வழியை அடைத்துவிடும். மலிவான ஸ்விட்ச்சுகளுக்கு இதைத் தடுக்கத் தெரியாது.

சோதனை எளிது. ஸ்விட்ச்சில் உள்ள கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் படபடப்பு அடங்குகிறதோ அதுதான். காலியான ஓட்டைகள் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

மெஷ் பெட்டிகள் (சேர்ந்து வேலை செய்து வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்புபவை) வைத்திருப்பவர்கள் இரண்டு பெட்டிக்கும் நடுவே கேபிளும் போட்டிருந்தால், அந்த வகை கேபிள் இணைப்பை ஏற்கிறதா என்று அதன் ஆப்பில் பாருங்கள். ஏற்காத வகையில் ஒரு பாதை காற்றிலும் இன்னொன்று கேபிளிலுமாக இதே சுற்று உருவாகும்.

அறிகுறி 3: வைஃபை நிறைய இருக்கிறது, சிலருக்கு மட்டும் லைன் இல்லை

காலையில் எனக்கு வருகிறது, அவருக்கு இல்லை. மாலையில் அவருக்கு வருகிறது, எனக்கு இல்லை. இப்படி ஆள் மாறி ஆள் மாறி வந்தால் நான் முதலில் தேடுவது அந்தப் பழைய ரௌட்டரைத்தான். வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு பெட்டி விலாசம் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். ஒரு நெட்வொர்க்கில் ஒரே ஒரு பெட்டிதான் அதைச் செய்யலாம். மாடியில் வைஃபை எட்டவில்லை என்று பழைய ரௌட்டரை லேன் போர்ட்டில் சொருகிவிட்டால் அதுவும் கை நீட்டி விலாசம் கொடுக்க ஆரம்பிக்கும். அதனிடம் விலாசம் வாங்கியவர், அதன் வழியாகத்தான் வெளியே போகலாம் என்று நம்பி அதனிடமே போவார். அந்தப் பெட்டிக்கு வெளியே வழி கிடையாது.

*சோதனை.* லைன் வரும் போன் ஒன்று, வராத போன் ஒன்று. இரண்டிலும் வைஃபை பெயரைத் தொட்டு விவரத்தைத் திறங்கள். ஐபி விலாசம் (போனின் விலாசம்), கேட்வே அல்லது ரௌட்டர் (வெளியே வழி காட்டும் பெட்டியின் விலாசம்) என்ற இரண்டு வரிகளையும் காகிதத்தில் எழுதுங்கள்.

*கேட்வே இரண்டிலும் வேறு வேறா?* ஒன்றில் 192.168.0.1, இன்னொன்றில் 192.168.1.1 அல்லது 192.168.0.254 என்று இருந்தால் இரண்டு பெட்டிகள் விலாசம் கொடுக்கின்றன என்று அர்த்தம். பழைய பெட்டியைப் பிடுங்கிவிட்டு, லைன் வராத போனில் வைஃபையை அணைத்துப் போடுங்கள். வந்துவிட்டால் குற்றவாளி அகப்பட்டார்.

அவரைத் தூக்கிப் போட வேண்டாம், அடக்கி வைத்தால் போதும். மெனுவில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (விலாசம் கொடுக்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் நிலை) என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. இல்லாத பழைய மாடல் என்றால் கையால் செய்ய வேண்டும், வரிசை முக்கியம். முதலில் வீட்டு லைனிலிருந்து பிரித்து, கம்ப்யூட்டரை மட்டும் கேபிளில் அதனோடு சேருங்கள். அதன் சொந்த லேன் விலாசத்தை, முதன்மை ரௌட்டர் 192.168.0.1 என்றால், 192.168.0.2 என்று மாற்றுங்கள். மாற்றியதும் பக்கம் காணாமல் போகும். பயப்படாமல் புது விலாசத்தை அடித்துத் திரும்ப உள்ளே போங்கள். அதன் பிறகு டிஎச்சிபியை அணையுங்கள். வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் வையுங்கள். கடைசியாக, முதன்மை ரௌட்டரின் லேனிலிருந்து வரும் கேபிளை இதன் லேன் போர்ட்டில் சொருகுங்கள். வேன் போர்ட்டில் இல்லை. அந்த ஓட்டை மேலும் டேப்.

முதன்மை ரௌட்டர் கொடுக்கும் விலாச வரிசை 192.168.0.2-இலிருந்தே தொடங்கினால் அதைக் கொஞ்சம் தள்ளி, 100-இலிருந்து 200 வரை என்று வைத்துவிடுங்கள். மறந்தால் நாளைக்கு யாரோ ஒருவரின் போனுக்கு அதே 0.2 போகும், மாடி வைஃபை ஆட்டம் காணும்.

*ஐபி 169.254 என்று தொடங்குகிறதா?* யாருமே விலாசம் கொடுக்கவில்லை. சாதனம் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது. கேபிளில் உள்ள கம்ப்யூட்டரில் இது தெரிந்தால் நடுவே கேபிளோ ஸ்விட்ச்சோ செத்திருக்கும். மாடி வைஃபையில் மட்டும் தெரிந்தால் மாடிப் பெட்டிக்குப் போகும் கேபிளைப் பாருங்கள்.

*கேட்வே ஒன்றே, ஐபியும் ஒழுங்கு, ஆனால் ஒரே ஒரு சாதனம் மட்டும் விட்டு விட்டு வருகிறதா?* சிசிடிவி பொருத்த வந்தவர் கையால் ஒரு நிலையான ஐபி வைத்துவிட்டுப் போயிருப்பார். ரௌட்டருக்கு அது தெரியாது. அதே எண்ணை இன்னொருவருக்கும் கொடுக்கும். சிசிடிவி பெட்டியில் தானியங்கி என்று மாற்றிவிட்டு, ரௌட்டரில் அந்தச் சாதனத்துக்கு என்றே ஒரு எண்ணை ஒதுக்கி வையுங்கள்.

அறிகுறி 4: 300 மெகாபிட் பிளான், ஆனால் கேபிளில் 95-ஐத் தாண்டவில்லை

வைஃபையில் 200 வருகிறது, கேபிளில் 94, 95-இல் சுவரில் முட்டியது போல நிற்கிறது என்றால் கேபிள் 100 மெகாபிட் வேகத்தில் கட்டுப்பட்டிருக்கிறது. லைன் கம்பெனியைத் திட்டாதீர்கள், அவர்கள் மேல் தப்பில்லை.

கம்ப்யூட்டரின் நெட்வொர்க் விவரத்தில் இணைப்பு வேகம் என்ன என்று பாருங்கள். 1000 அல்லது 1 கிகாபிட் என்றால் கோளாறு வேறெங்கோ. 100 என்றால்:

கம்ப்யூட்டரிலிருந்து சுவர் வரை உள்ள குட்டைக் கேபிளை நல்ல கேபிள் ஒன்றால் மாற்றுங்கள். இதில் தீர்வது அதிகம். பிறகு நடுவில் உள்ள ஸ்விட்ச்சைத் திருப்பிப் பாருங்கள். 10/100 என்று போட்டிருந்தால் அது பழைய வகை, கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்குங்கள். ஐந்து ஓட்டை வகை லோ யாட் பிளாசா கம்ப்யூட்டர் கடைகளில் பெரிய விலையில்லை. மாடியில் அடக்கி வைத்த அந்தப் பழைய ரௌட்டரின் போர்ட்களும் 100 வகையாக இருக்கலாம், அதையும் மறக்காதீர்கள்.

இவையெல்லாம் சரி என்றால் சுவருக்குள் போகும் கேபிளின் முனை. எட்டு இழைகளில் 1, 2, 3, 6 என்ற நான்கு நன்றாக இருந்தாலே 100 வேகம் வந்துவிடும்; 1000-க்கு எட்டும் வேண்டும். அதனால்தான் பாதி கெட்ட கேபிள் "வேலை செய்கிறது". ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு ரூமுக்குக் கொடுத்த பழைய வேலைகளையும் பார்த்திருக்கிறேன், அங்கே 100-க்கு மேல் பிறக்கவே பிறக்காது. முனையைத் திரும்பக் கட்டத் தெரிந்தவர்கள் இரு முனையிலும் ஒரே வரிசையைப் பிடியுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. விளக்கு வைத்த சாதாரண டெஸ்டர் ஒன்று இருந்தால் எட்டும் வரிசையாக எரிகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: முனைகளை மாற்றியும் எட்டும் எரியவில்லை என்றால் கேபிள் சுவருக்குள்ளேயே போய்விட்டது. கரண்ட் ஒயர் போகும் அதே குழாயில் கேபிள் போயிருந்தால் இழுத்துப் பார்க்கவே வேண்டாம். அது ஒயர்மேன் வேலை, சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்றவரைக் கூப்பிடுங்கள். புதுக் கேபிள் போடும்போது கேட் 5இ போதும், கேட் 6 என்றால் இன்னும் நல்லது. ஒன்றை மட்டும் கேளுங்கள்: உள்ளே முழுச் செம்பா, இல்லை செம்பு பூசிய அலுமினியமா? விலை குறைவாகச் சொல்பவர்கள் பின்னதைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

அறிகுறி 5: மாடியில் வைஃபை சாகிறது

சீக்கிரம் முடிப்போம். ரௌட்டர் டிவி கேபினெட்டுக்குள் இருந்தால் வெளியே எடுங்கள். தூரத்து ரூமுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், பக்கத்து ரூமுக்கு 5. பிளாட்டுகளில் 2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்ததைக் கையால் வையுங்கள். பிளக்கில் சொருகும் ரிப்பீட்டரை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. பெரும்பாலானவை ஒரே காற்றில் கேட்டு அதே காற்றில் திரும்பச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து, அறிகுறி 3-இல் சொன்னபடி ஆக்சஸ் பாயின்ட் வைப்பதுதான் வேலை. ஒரு தடவை செலவு, பிறகு ஐந்தாறு வருஷம் யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

அறிகுறி 6: மாடி ரூம்காரரின் படம் என் டிவியில் ஓடுகிறது

இது கதையில்லை. ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை சாயந்திரம் சாமி விளக்கு ஏற்றி, டிவியில் பக்திப் பாடல் போட்டிருக்கிறார்கள். திடீரென்று பாட்டு நின்று குத்துப்பாட்டு ஒன்று ஓட ஆரம்பித்தது. மாடிப் பையன் தன் ரூம் டிவி என்று நினைத்து ஹால் டிவிக்கு அனுப்பிவிட்டான். பாவம், அவன் மேலே ஆடிக்கொண்டிருந்தான். அங்கிள் கேட்டது சரியான கேள்வி: "டிவி தெரியுதுன்னா, என் கம்ப்யூட்டரும் தெரியுமா?" தெரியும். சிசிடிவி பெட்டி, பிரிண்டர், பகிர்ந்து வைத்த ஃபோல்டர் எல்லாமே எட்டும். எல்லாரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கிறார்கள்.

*தப்பான வைத்தியம் முதலில்.* பலர் செய்வது இது: வாடகைக்காரருக்குத் தனி ரௌட்டர் வாங்கி, அதன் வேன் போர்ட்டை நம் ரௌட்டரின் லேனில் சொருகிவிடுவார்கள். பெயர் வேறு, பாஸ்வேர்ட் வேறு, பிரிந்துவிட்டோம் என்ற நிம்மதி. ஆனால் நடப்பது தலைகீழ். உள்ளே இருக்கும் பெட்டிக்குப் பின்னால் இருப்பவரை வெளியே இருப்பவரால் பார்க்க முடியாது. ஆனால் பின்னால் இருப்பவர் வெளியே எட்டிப் பார்க்கலாம். வாடகைக்காரருக்கு மதில் கட்டிக் கொடுத்து, வாசலை நம் முற்றத்தில் வைத்த கதை.

சோதித்துப் பாருங்கள். மாடி வைஃபையில் சேர்ந்துகொண்டு, உங்கள் கீழ் வீட்டுப் பிரிண்டர் அல்லது சிசிடிவி பெட்டியின் விலாசத்தை பிரவுசரில் அடியுங்கள். பக்கம் திறந்தால் மதில் தப்பான பக்கம் இருக்கிறது.

*வைத்தியம் ஒன்று, காசில்லை:* முதன்மை ரௌட்டரில் கெஸ்ட் வைஃபையை (விருந்தாளிகளுக்கான தனி வைஃபை) போட்டு வாடகைக்காரருக்கு அதை மட்டும் கொடுங்கள். "கெஸ்ட் லேனை அணுகலாம்" என்ற மாதிரி ஒரு டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். மேலே சொன்ன சோதனையை இங்கேயும் செய்யுங்கள். மாடியில் ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றிய பழைய பெட்டியின் கெஸ்ட் வைஃபையை நம்பாதீர்கள்; பல மாடல்களில் அந்த மோடுக்கு மாறியதும் பிரிக்கும் வேலை நின்றுபோகும், பெயர் மட்டும் கெஸ்ட் என்று இருக்கும்.

*வைத்தியம் இரண்டு, ஒரு பெட்டி செலவு:* மூன்று ரௌட்டர். லைன் வரும் முதல் பெட்டி வைஃபையை அணைத்துவிட்டு வெறும் வாசலாக இருக்கும். அதன் லேனிலிருந்து இரண்டு கேபிள்: ஒன்று உங்கள் ரௌட்டரின் வேனுக்கு, இன்னொன்று வாடகைக்காரர் ரௌட்டரின் வேனுக்கு. இரு வீட்டாருக்கும் தனித்தனி மதில். மூன்றுக்கும் வேறு வேறு விலாச வரிசை வையுங்கள்: 192.168.0, 192.168.10, 192.168.20. முதல் பெட்டியின் வரிசையே மற்றதற்கும் இருந்தால் லைன் எழாது. குறை என்ன? ஆன்லைன் கேம் ஆடும் பிள்ளைகள் கொஞ்சம் முனகலாம். சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்க ரௌட்டரில் வழி திறந்து வைத்திருந்தால் அதை இரண்டு பெட்டியிலும் திறக்க வேண்டியிருக்கும். முதல் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தை இரண்டு வீட்டாராலும் தொட முடியும், ஆகவே அதன் பாஸ்வேர்ட் பலமாக இருக்கட்டும்.

*சுவரில் உள்ள ஓட்டையை மறந்துவிடாதீர்கள்.* வைஃபைக்கு எவ்வளவு பெரிய பாஸ்வேர்ட் வைத்தாலும், வாடகைக்கு விட்ட ரூமில் பழைய லேன் சாக்கெட் ஒன்று உங்கள் ஸ்விட்ச்சோடு சேர்ந்திருந்தால் வந்தவர் கேபிளைச் சொருகி உள்ளே நுழையலாம். பாஸ்வேர்ட் யாரும் கேட்க மாட்டார்கள். கெஸ்ட் வைஃபை அந்த ஓட்டையைக் காக்காது. ஸ்விட்ச் பக்கத்து முனையைப் பிடுங்கி வையுங்கள், அல்லது வாடகைக்காரர் ரௌட்டரின் பக்கம் மாற்றுங்கள். கேபிளும் வைஃபையும் கலந்த வீடுகளில் நான் பார்த்த பெரிய ஓட்டை இதுதான்.

மற்றபடி செய்ய வேண்டியவை: பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3. பாஸ்வேர்ட் அடிக்காமலே சேர்த்துவிடும் டபிள்யூபிஎஸ் பட்டனை மெனுவில் அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்து ரௌட்டரைத் திறக்கும் வசதி அணைந்திருக்க வேண்டும். ரூம் காலியானால் சாவியை வாங்குவது மாதிரி பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

*ரௌட்டர் காட்டும் சாதனப் பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா?* உடனே பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகப்பட வேண்டாம். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து போன்கள் தங்கள் உண்மையான அடையாள எண்ணை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. எண்ணிக்கை கூடித் தெரிவதற்கு அதுவும் காரணம். பாஸ்வேர்டை மாற்றுங்கள், வீட்டிலுள்ளவர்களை ஒவ்வொருவராகச் சேர்த்து எண்ணுங்கள். அப்புறமும் ஒன்று கூடினால் கேளுங்கள்.

லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் பிரச்சினை வந்தால் முதலில் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் பகிர்வது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள். வீட்டுக்குள் பகிர்வது வேறு, மதில் தாண்டி அடுத்த வீட்டுக்குக் கேபிள் கொடுப்பது வேறு.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: நான்கைந்து ரூமுக்கு மேல், ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பிரிய வேண்டும், சிசிடிவியும் தனி என்றால் விலேன் பிரிக்கத் தெரிந்த ஸ்விட்ச் வேண்டும். அரைகுறையாகச் செய்தால் பிரிந்த மாதிரி தெரியும், பிரிந்திருக்காது.

அறிகுறி 7: பிரிண்டரோ சிசிடிவியோ என் போனிலேயே தெரியவில்லை

மேலே உள்ளதன் மறுபக்கம். பாதுகாப்புக்குப் போட்ட மதிலுக்கு நீங்களே வெளியே நிற்கிறீர்கள். போன் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். இல்லையென்றால் ஏபி ஐசோலேஷன் என்ற டிக், அது வைஃபையில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதைத் தடுக்கும். அதுவும் இல்லையென்றால் கேட்வேயைப் பாருங்கள், மாடிப் பெட்டி வேன் போர்ட்டில் சொருகப்பட்டுத் தனி வீடாகியிருக்கும். புதிதாக வாங்கிய சின்னக் கேமராவோ பிளக்கோ சேர மறுத்தால், பல மாடல்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்துவிட்டுச் சேருங்கள்.

அறிகுறி 8: இடி மழைக்குப் பிறகு ஒரு ஓட்டை மட்டும் செத்துவிட்டது

கோலாலம்பூர் சாயந்திர இடியைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ரௌட்டர் செத்தால் அடி வந்த வழி பெரும்பாலும் இரண்டு: கரண்ட் பிளக், அல்லது வெளியே போகும் செம்புக் கேபிள். கேட் அருகே உள்ள சிசிடிவி கேமரா, பின்னால் கட்டிய ஸ்டோர், எதிர்க் கடைக்கு இழுத்த கேபிள். எந்த ஓட்டை செத்தது என்று பாருங்கள். அதில் இருந்த கேபிள் வெளியே போகிறது என்றால் விடை அதுதான்.

அந்தக் கேபிளை வேறு ஓட்டையில் மாற்றிப் பாருங்கள். வேலை செய்தால் செத்த ஓட்டையில் டேப் ஒட்டிவிட்டு மேலே போகலாம், ஆனால் அடிபட்ட பெட்டி சில வாரத்தில் முழுசாகப் போவதையும் பார்த்திருக்கிறேன். வேன் ஓட்டை செத்தால் பெட்டியை மாற்றுவதுதான் வழி. லைனோடு கம்பெனி கொடுத்த பெட்டி என்றால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். சொந்தப் பெட்டி என்றால் சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) சோதித்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சர்ஜ் (திடீர் மின்பாய்ச்சல்) பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் வீட்டில் எர்த் ஒழுங்காக இருந்தால்தான் உதவும். பழைய வீடுகளில் எர்த் இருக்கிறதா என்பதை ஒயர்மேனைக் கொண்டு சோதியுங்கள், நீங்களே சாக்கெட்டைத் திறக்காதீர்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கேபிள் இழுத்திருந்தால் அதை ஃபைபராகவோ வைஃபை பாலமாகவோ மாற்றச் சொல்லித் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். அதுவரை வானம் கறுத்தால் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு, "அதான் பிடுங்கியாச்சே" என்று டீ போடப் போகாதீர்கள். கேட் கேமராவின் கேபிளையும் ஸ்விட்ச்சிலிருந்து பிடுங்கி, முனையைப் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளிப் போடுங்கள்.